மணல் மேட்டுக் கொல்லையும் மூன்று தட்டும்

கொல்லை சரிவாகக் கிடக்கிறது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வரும்: "நாலு டிப்பர் கிராவல் அடிச்சு மட்டம் பண்ணி விட்ருங்க, வேலை முடிஞ்சது." கொத்தனார் அண்ணன் சொன்னார், கொழுந்தனார் சொன்னார், மோட்டார் மாட்ட வந்த பையன்கூடச் சொன்னான். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. இந்தக் கடற்கரையில் மணல் சரிவு கிடைத்தவர்கள் அதைச் சரிவாகவே வைத்துக்கொண்டு, குட்டைச் சுவர்களால் படிபடியாகத் தட்டுகளாகப் பிரித்து வேலை பார்ப்பதுதான் லாபம். ஏன், எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதே மாதிரி மனை வைத்திருக்கிற ரெண்டு மூணு பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், ரோட்டுக்குத் தெற்கே. வாசல் வடக்கு, கொல்லை தெற்கு, அதாவது மன்னார் வளைகுடா பக்கம். மலையே இல்லாத சீமையில் சரிவு எங்கிருந்து வந்தது என்று வெளியூர் சொந்தங்கள் கேட்பதுண்டு. காற்று குவித்த மணல்தான். பழைய மணல் மேடு ஒன்றின் முதுகில் வீடு உட்கார்ந்திருக்கிறது. அடுக்களை வாசலிலிருந்து பின்வேலி வரைக்கும் 40 அடி நீளம், 25 அடி அகலம், அந்த 40 அடிக்குள் 6 அடி இறங்கிவிடுகிறது. கண்ணுக்கு அவ்வளவு தெரியாது, இடுப்பில் குடத்தோடு ஏறினால் தெரியும்.

முதலில் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கடலோர மணல் மேடு நல்ல தண்ணீர் தங்குகிற இடம். மணலில் விழுகிற மழை ஓடாது, உள்ளே இறங்கும். அடியில் கடல் நீர் ஊறி நிற்கிறது. உப்பு நீர் கனம், மழை நீர் லேசு, அதனால் இறங்கிய மழை நீர் பாலின் மேல் ஆடை மாதிரி உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் போடும் கணக்கு. இரண்டும் கலக்கிற அடுக்கு ஒன்று நடுவில் இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும், சரி. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வர வழி திறக்கிறோம். ஆழமாக போர் போட்டு வேகமாக உறிஞ்சுகிற வீட்டில் தண்ணீர் உவர்த்துப் போவதும், பத்து உறை இறக்கிய பழைய உறைக்கிணற்றில் டீக்கு ஆகிற தண்ணீர் கிடைப்பதும் இதனால்தான். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி, ஊத்து எடுத்து, சிரட்டையால் மொண்டு குடம் நிறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தங்கச்சிமடம் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே நிற்கிற கிணறு, தண்ணீர் கரிக்காது. ராமர் வில்லை ஊன்றியதால் வந்தது என்பது தலபுராணம். எங்கள் அத்தைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, எனக்கு மணலும் மழையும் சேர்ந்து செய்கிற வேலை என்று இன்னொரு விளக்கமும் பிடிக்கும், ரெண்டு பேரும் சண்டை போட்டதில்லை.

ஆக, மேட்டை வெட்டித் தள்ளினால் தண்ணீர் தங்கும் மணலின் கனத்தை நாமே குறைக்கிறோம். கிராவல் அடித்து உருளை விட்டு இறுக்கினாலோ மழை உள்ளே இறங்காமல் ஓடுகிறது. நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு மொத்தமே சுமார் 800 மில்லிமீட்டர்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நேரத்தில் பிடிக்காததை அப்புறம் வருஷம் முழுக்கக் காசு கொடுத்து டிராக்டர் தண்ணியாக வாங்கவேண்டும். இன்னொன்று, கடலுக்குப் பக்கத்து மனை என்றால் சட்டமும் உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், 2011-இல் வந்ததும் சரி, 2019-இல் வந்ததும் சரி, மணல் குன்றுகளை வெட்டி உருமாற்றுவதைத் தடை செய்கின்றன. மனை அந்த எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஜேசிபிக்கு போன் போடுங்கள்.

அளவெடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் பையில் இருக்கிற டியூப் லெவல் போதும், கண்ணாடி மாதிரி இருக்கும் நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அடுக்களைப் படியில் பிடித்து இன்னொரு முனையை ஒரு கம்பில் கட்டிக்கொண்டு கீழே போனால், ரெண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கிருந்து தரை எவ்வளவு கீழே என்று டேப்பால் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். டியூபுக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் கணக்கு தப்பும், அதை மட்டும் கவனிக்கவும். 5 அடிக்கு ஒரு முளை அடித்து ஒவ்வொன்றிலும் அளவை எழுதினோம். எங்கள் சரிவு ஒரே சீராக இல்லை என்பது இதில்தான் தெரிந்தது: வீட்டை ஒட்டிக் கொஞ்சம் மெதுவாக இறங்கி, நடுவில் சட்டென்று சரிந்து, வேலி ஓரம் தட்டையாகிவிடுகிறது. அந்த நடுச் சரிவில்தான் சுவர் வரவேண்டும் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. காகிதத்தில் படம் போடுவதெல்லாம் இதற்கப்புறம்.

மணல் எவ்வளவு குடிக்கும் என்பதையும் பாருங்கள். ஒரு முழக் குழி தோண்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது வற்றினதும் இன்னொரு வாளி. மேலே எங்களுக்கு ரெண்டாவது வாளியும் நிமிஷத்தில் காணாமல் போனது. கீழே வேலி ஓரத்தில் அதே தண்ணீர் வெகுநேரம் நின்றது, ஏனென்றால் அங்கே வருஷக்கணக்காக வந்து படிந்த தூசியும் சருகும் மண்ணும் மணலோடு கலந்திருக்கிறது. ஒரே கொல்லையில் ரெண்டு வகை மண். செடி வைக்கிற இடமெல்லாம் இதை வைத்துத்தான் முடிவாயிற்று.

அடுத்தது சுவர். கொத்தனார் அண்ணனோடு நடந்த ஒரே வாக்குவாதமும் இதில்தான்.

"டீச்சர், கீழ ஒரே செவரா ஆறடிக்குத் தூக்கிருவோம், உள்ள மண்ணப் போட்டு நெரவிட்டா மேல கல்யாணமே நடத்தலாம்."

"அண்ணே, ஆறடி மணல் சாய்ஞ்சு நின்னா அந்தச் செவரு நிக்குமா?"

"கம்பி போட்டுக் கட்டிருவோம்ல."

கம்பிதான் இங்கே சிக்கல். முதலில் விசைக் கணக்கைச் சொல்கிறேன். சுவரைப் பின்னாலிருந்து மண் தள்ளுகிற விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். 2 அடிச் சுவரை 6 அடி ஆக்கினால் தள்ளுவது மூன்று மடங்கு கிடையாது, ஒன்பது மடங்கு. சுவரைக் கவிழ்க்கிற திருப்பம் 27 மடங்கு. அவ்வளவையும் தாங்கக் கம்பி போட்ட கான்கிரீட் வேண்டும், கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து உப்பி கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வருவதை இங்கே எந்தப் பழைய மாடியின் அடிப்பக்கத்திலும் பார்க்கலாம். உவர்த் தண்ணீரில் கலவை போட்டால் இன்னும் சீக்கிரம். கடற்கரை மணலைக் கலவையில் சேர்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 3, 4 அடிக்கு மேல் சுவர் எழுப்புவதாக இருந்தால் இன்ஜினியர் ஒருவர் பார்க்காமல் செய்யாதீர்கள், கீழ்ப்பக்கம் அடுத்தவர் வீடு இருந்தால் கட்டாயம்.

அதனால் மூன்று தட்டு, நடுவில் ரெண்டு குட்டைச் சுவர், ஒவ்வொன்றும் 2 அடி. 6 அடி இறக்கத்தில் 4 அடி சுவரில் போய்விட்டது, மிச்சம் 2 அடியை மட்டம் பண்ணவே இல்லை. தட்டுக்கு 8 இன்ச் வீதம் மெதுவான சரிவாக விட்டுவிட்டோம், நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெரியாது, மண் வேலை பாதியாகக் குறையும். மேலே வெட்டிய மணலைக் கீழே நிரவினோம், ஒரு கூடை மணல்கூட வெளியே போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. ரெண்டு சுவருக்கும் நடுவில் இடைவெளி முக்கியம், கீழ்ச் சுவரின் உயரத்தைப்போல் ரெண்டு மடங்காவது தள்ளி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மேல் சுவரின் பாரமும் கீழ்ச் சுவரில் வந்து உட்காரும். நமக்கு 13 அடித் தட்டு என்பதால் அந்தக் கவலை இல்லை.

வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை முடிந்து மணல் ஈரமாக இருக்கும், வெட்டினால் வெட்டியபடி நிற்கும். ஆனியில் காய்ந்த மணலை வெட்டினால் முப்பது டிகிரிச் சொச்சத்துக்கு மேல் நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கும், ஆளுக்குக் கூலி கொடுப்பது மணல் அள்ளவா சுவர் கட்டவா என்றே தெரியாது. அப்புறம், சரிவில் சீமைக்கருவேல் நின்றால் வேலை தொடங்கும் முன்னாலேயே ஆவேசமாக வேரோடு பிடுங்கவேண்டாம். எனக்கும் அந்த மரத்தின் மேல் பிரியம் கிடையாது, ஆனால் அந்த வேர்தான் அதுவரை மணலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுவர் வருகிற பகுதியை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, மற்றதைத் தரை மட்டத்தில் வெட்டி, மாற்றுச் செடி வேர் பிடித்தபின் கட்டையைத் தோண்டலாம். வெட்டிய கிளையும் வீண் இல்லை: சரிவின் குறுக்கே வரிசையாக அடுக்கி முளை அடித்துவைத்தால் காற்றில் பறக்கும் மணலும் மழையில் இறங்கும் மணலும் அதில் தங்கும். ஆடும் அந்தப் பக்கம் வராது.

எதைக் கொண்டு கட்டுவது என்பதில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இந்தக் கடற்கரையில் பழைய வீட்டுச் சுவர்களில் பவளக்கல் இருக்கும், பெரியவர்கள் இன்றும் அதன் குளிர்ச்சியைச் சொல்லி மாய்ந்துபோவார்கள். ஆனால் பவளப்பாறைகள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எதிரே 21 தீவுகளோடு 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்காவும் இருக்கிறது. யாராவது லோடு தருகிறேன் என்று ரகசியமாகச் சொன்னால் ஓடிவந்துவிடுங்கள். கருங்கல் வெளியிலிருந்து வரவேண்டும், லாரி வாடகைதான் கல்லை விட அதிகம். கடைசியில் மேல் சுவரைக் கெட்டியான சிமெண்ட் பிளாக்கில் கம்பி இல்லாமல் கட்டினோம், அடியில் அகலம், மேலே போகப் போகக் குறைவு, முகம் மேட்டுப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். தன் கனத்தாலேயே நிற்கிற சுவர், துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை.

கீழ்ச் சுவர் பனங்கையில். பக்கத்துத் தெருவில் ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்தபோது கூரைக் கைகள் கிடைத்தன. கருகருவென்று வைரம் பாய்ந்த பனை, ஆணி இறங்க மறுக்கிற பனை. இதற்காகப் புதிதாக மரம் வெட்டவேண்டாம், பனை நம் மாநில மரம், வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும், அதெல்லாம் இல்லாவிட்டாலும் நிற்கிற பனையை வெட்டிச் சரிவுக்கு முட்டுக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. பழைய கைகளை நிறுத்துக்கால்களாக 4 அடிக்கு ஒன்று, பாதி உயரம் மண்ணுக்குள் இருக்கும்படி இறக்கி, பின்னால் படுக்கை வசமாக மற்ற கைகளை அடுக்கினோம். மண்ணில் புதைகிற பகுதிக்குத் தார் பூசியாயிற்று. கரையான் என்றாவது வரும், மாற்றிக்கொள்ளலாம், 2 அடிதானே.

சுவரில் ஓட்டை விடுவது பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கக்கூடாது என்பதற்காக அடிவரிசையில் 2 இன்ச் பிவிசி பைப் துண்டுகளை 5 அடிக்கு ஒன்று வைப்பார்கள். களிமண் பூமிக்கு அது போதும். மணலில் தண்ணீரோடு மணலும் சேர்ந்து வெளியே வரும், ஒரு மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் பள்ளம் விழுந்துவிடும். நாங்கள் ஒவ்வொரு பைப்பின் உள்வாயிலும் தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டி அடைத்து, அதைச் சுற்றி ஜல்லி, ஜல்லியைச் சுற்றிப் பழைய கொசுவலையை இரண்டு மடிப்பாகப் போட்டு, அதற்கப்புறம்தான் மணலைத் தள்ளினோம். முதல் பெரிய மழையில் போய்ப் பார்த்தேன், பைப் வாயில் தெளிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே மணல் கொஞ்சம்கூடச் சேரவில்லை.

படிக்கட்டு அத்தைக்காக. முட்டி வலி உள்ளவர்களுக்கு வழக்கமான ஏழு இன்ச் படி தண்டனை. 2 அடி இறக்கத்தை ஐந்து படியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 5 இன்ச்சுக்குள் வரும், கால் வைக்கிற அகலம் 14 இன்ச். படி உயரத்தின் இரண்டு மடங்கும் அகலமும் சேர்ந்து 24, 25 இன்ச் வந்தால் நடை இயல்பாக இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு, இது ஏறக்குறைய அதற்குப் பொருந்துகிறது. ரெண்டு படிக்கட்டையும் நேருக்கு நேர் வைக்காமல் ஒன்றை மேற்கு ஓரத்திலும் இன்னொன்றைக் கிழக்கு ஓரத்திலும் வைத்தோம், மேலிருந்து ஓடுகிற தண்ணீர் படிவழியே ஒரே பாய்ச்சலில் கீழே இறங்கிவிடக் கூடாது. சின்னக் கொல்லை இதனால் கொஞ்சம் பெரிதாகத் தோன்றுவது கூடுதல் லாபம். கைப்பிடிக்கு ஜிஐ பைப் வேண்டாம், ஒரே வருஷத்தில் கையில் துரு ஒட்டும்.

எனக்கு மொத்த வேலையிலும் பிடித்தது மட்டைக் குழிதான். ஒவ்வொரு தட்டிலும், சரிவுக்குக் குறுக்கே, சுவரிலிருந்து தள்ளி, ஒன்றரை அடி அகலம், ரெண்டு அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் தோண்டி அதில் தேங்காய் உரிமட்டையை அடுக்கினோம். உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்புக்குக் குறைவில்லை, மட்டை கிடைக்கும். அடுக்குகிற விதம் உண்டு: உள்குழிவு மேலே பார்க்கவேண்டும், அப்போதுதான் ஒவ்வொரு மட்டையும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு அடுக்கு மட்டை, மேலே கொஞ்சம் மண், மறுபடி ஒரு அடுக்கு, இப்படி மேல் வரை. தென்னைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், ஒருமுறை புதைத்தால் ஐந்து முதல் ஏழு வருஷம் வரை ஈரம் காக்கும் என்பார்கள். மேலேயிருந்து வழிகிற தண்ணீர் வாய்க்காலில் நின்று இறங்குகிறது, பக்கத்தில் வைத்த செடியின் வேர் தானாக அந்தப் பக்கம் போகிறது. பங்குனி வெயிலில் ஒருநாள் கையை விட்டுப் பார்த்தேன், மேல் மணல் சுட்டது, முழங்கை ஆழத்தில் மட்டை நார் சில்லென்று நசநசத்தது, இடுக்கில் செம்பருத்தியின் வெள்ளை வேர் நூல் நூலாகப் பின்னியிருந்தது.

மாடித் தண்ணீரையும் இதோடு சேர்த்துவிடலாம். 2003-இலிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேமிப்பு கட்டாயம் என்பதால் எல்லா வீட்டிலும் பெயருக்கு ஒரு பைப் இருக்கும், அது எங்கே போகிறது என்று பலருக்குத் தெரியாது. 700 சதுர அடி மாடியில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டருக்கு மேல் வரும். முதல் மழையில் உப்புத் தூசியும் காக்கை எச்சமும் கரைந்து வரும், அதை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைத் தொட்டிக்கும், தொட்டி நிறைந்தபின் மேல் தட்டின் மட்டைக் குழிக்கும் திருப்பிவிடவேண்டியது. அஸ்திவாரத்தை ஒட்டியும் சுவருக்கு நேர் பின்னாலும் மட்டும் விடாதீர்கள்.

செப்டிக் டேங்க் இடம் தோட்டத்தை விட முக்கியம், ஆனால் எல்லோரும் கடைசியில்தான் யோசிப்போம். மணல் வேகமாக வடிக்கும் என்பதால் அழுக்கும் வேகமாகப் பயணம் செய்யும். கிணற்றுக்கும் டேங்குக்கும் நடுவில் 50 அடியாவது வேண்டும், கிணறு மேட்டில், டேங்க் இறக்கத்தில். அதற்காக அடித்தட்டில் கொண்டுபோய் வைத்தால் கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து டேங்குக்குள் ஏறிவிடும். எங்கள் கிணறு வாசல் பக்கம், டேங்க் நடுத்தட்டின் ஓரம். கீழ் வீட்டுக்காரர் கிணறு எங்கே என்றும் கேட்டுவைத்துக்கொண்டோம், நம் வேலி முடிகிற இடத்தில் தண்ணீர் நின்றுவிடுவதில்லை. குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தனிக் குழாயில் கீழ்த்தட்டு வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது.

காற்றுதான் இந்தக் கொல்லையின் நிஜ எஜமான். வைகாசியிலிருந்து ஆவணி வரை தெற்கும் மேற்குமாக வீசுகிற கச்சான் காற்று உப்பையும் மணலையும் சேர்த்துக்கொண்டு வரும், மா, எலுமிச்சை எல்லாம் இலை நுனி கருகித் தீய்ந்தது போல் ஆகிவிடும். பாக் நீரிணைப் பக்கத்தார்களுக்கு இதே தொல்லை வாடைக் காற்றில். தடுக்கக் காம்பவுண்டு சுவர் எழுப்பினால் காற்று ஏறிக் குதித்து உள்ளே சுழலும், பாதியைத் தடுத்துப் பாதியை விடுகிற வேலிதான் சரி. சரிவுக் கொல்லையில் இன்னொரு விஷயம்: வேலி அடித்தட்டில் இருக்கிறது, 12 அடிக்கு வளர்ந்தாலும் மேல் தட்டில் நிற்கிறவருக்கு அது 6 அடி வேலிதான். அதனால் கீழே பூவரசம் போத்தும் புன்னையும் கலந்து உயரமாக ஒரு வரிசை, நடுத்தட்டு விளிம்பில் நொச்சி இரண்டாவது வரிசையாக, இடுப்புக்கு மேல் போகாமல் கவாத்து செய்துகொண்டு. பூவரசு மளமளவென்று வரும், புன்னை நிதானம், ஆனால் உப்புக்கு அசராது. வேலி வேர் பிடிக்கும் வரை கருக்கு மட்டையைக் கட்டிவைத்தோம். சவுக்கு வைக்கச் சொன்னார்கள், இவ்வளவு சின்ன இடத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அதன் சருகுக்குக் கீழே எதுவும் தலைதூக்காது.

சுவருக்கு மேல் விளிம்பில் வெட்டிவேர், அரை அடிக்கு ஒரு தூர், வரிசையாக. நேர் கீழே ஆழமாக இறங்கும் வேர், பக்கத்துச் செடியோடு மல்லுக்கு நிற்காது. வேலிக்கு வெளியே வெறும் மணல் சரிவில் அடும்புக்கொடி தானாகவே வந்தது, ஊதாப் பூவோடு படர்ந்து மணலைக் கட்டிப்போட்டிருக்கிறது, அதைக் களை என்று பிடுங்கவந்த ஆளை நிறுத்த நான் ஓடவேண்டியிருந்தது. நெய்தல் நிலத்துக்காரியின் கொல்லையில் அடும்பும் புன்னையும் இல்லாமல் எப்படி!

மேல் தட்டு சீக்கிரம் காயும், அதனால் அங்கே கற்றாழை, நித்தியகல்யாணி, ஆவாரை, அடுக்களைக்கு எட்டுகிற தூரத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும். நடுத்தட்டுக்குத்தான் மண் கொடுத்தோம்: முறைப்படி எடுத்த கண்மாய் வண்டல், ஆட்டுப் புழுக்கை, மக்கிய நார்க்கழிவு, மூன்றையும் மேல் அரை அடி மணலோடு கொத்திக் கலந்தது. வண்டலைத் தனி அடுக்காகப் பரப்பினால் காய்ந்து ஓடு மாதிரி ஆகி, தண்ணீர் கீழே இறங்காது, கலக்கத்தான் வேண்டும். அங்கே செம்பருத்தி, கொய்யா, சப்போட்டா, ஒரு பாத்தி முண்டு மிளகாய். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் மிளகாயைக் கடையில் வாங்கினால் அசிங்கம் என்று கொழுந்தனார் நாற்று கொண்டுவந்து கொடுத்தார், கரிசலில் வருகிற அளவுக்கு இங்கே காய்க்காது, வீட்டு வத்தலுக்கு ஆகிறது. மல்லிகைக்கு மட்டும் மணலே போதும். தங்கச்சிமடத்து மணலில் பதியம் போட்டு வளர்த்த மல்லிகை நாற்றுதான் எங்கெங்கோ மலர்த் தோட்டங்களுக்குப் போகிறது, பக்கத்தில் இருந்துகொண்டு நர்சரிப் பையில் வேறெங்கிருந்தோ வாங்குவானேன். செடி நடுகிற வேலை எல்லாம் புரட்டாசியில், மழைக்குக் கொஞ்சம் முன்னால். கீழ்த்தட்டில் வாழை, ஒரு தென்னை, ஓரத்தில் தாழை, காற்று மறைவும் ஈரமும் அங்கேதான் அதிகம்.

புல்தரை போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: போடலாம், தினமும் அதற்கு ஊற்றுகிற நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருமுறை கிணற்றை எட்டிப் பாருங்கள்.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. துணிக்கொடி. வெயிலும் காற்றும் மேல் தட்டில்தான் நன்றாக அடிக்கும், அத்தைக்கு அங்கேதான் வேண்டும், படி இறங்காமல் காயப்போடலாம். எனக்கோ அங்கே சாயங்காலம் உட்கார ஒரு திண்ணை கட்டவேண்டும். "திண்ணைக்கு மேல கொடியக் கட்டு, உக்காந்துக்கிட்டே துணியப் பாத்துக்கலாம்ல ஆத்தா" என்கிறார். அளந்து பார்த்தேன், கொடி 7 அடி உயரத்தில் போனால் சேலை தலையில் இடிக்காது. இந்தத் தையில் கொத்தனார் வரும்போது ரெண்டுக்கும் சேர்த்தே கால் ஊன்றச் சொல்லவேண்டும்.